பள்ளிக்கு ஒரு ப, பாங்குக்கு ஒரு ப

மொழியியல் என்ற சொல்லை அந்தக் கம்ப்யூட்டரில் ஐந்து விதமாகத் தட்டிப் பார்த்தேன். நூலகப் பட்டியல் முழுக்க ஆங்கில எழுத்தில் இருந்தது. தமிழ்ப் புத்தகங்களின் தலைப்பைக்கூட ஆங்கில எழுத்தில்தான் ஏற்றியிருந்தார்கள். ழவுக்கு எந்த எழுத்தைப் போட்டார்கள் என்று வெளியிலிருந்து வருபவருக்குத் தெரியாது. இசட், எச் போட்டால் ஒன்பது புத்தகம் வந்தது. வெறும் எல் போட்டால் வேறு நான்கு. நடுவில் வரும் யியில் ஓர் எழுத்தை விட்டால் இன்னும் இரண்டு. ஒரே சொல்தான். ஆனால் ஏற்றியவர்களின் காதுக்கும் கைக்கும் ஏற்ப மூன்று கூட்டமாகப் பிரிந்து கிடந்தது.

அப்போது எரிச்சலாக இருந்தது. பிறகு யோசித்தால், நான் தேடிவந்த விஷயத்தின் முதல் பாடமே அதுதான். ஒரு மொழியின் ஒலியை இன்னொரு மொழியின் எழுத்தில் எழுதும்போது எது நிற்கும், எது தப்பிப்போகும்? அந்தக் கேள்வியோடுதான் நான் பஸ் ஏறியிருந்தேன்.

2008 ஜூன் மாதம். கீழக்கரையில் காலை ஐந்தரைக்கு ஏறி, இராமநாதபுரத்தில் இறங்கி, வேறு பஸ் மாறி, வெயில் ஏறிய பிறகுதான் பல்கலைக்கழக வாசலில் இறங்க முடியும். எங்கள் கரையில் கல்லூரிகள் உண்டு, அவற்றில் நூலகமும் உண்டு. ஆனால் மொழியியல் என்று தனியாக ஒரு பிரிவு வேண்டுமென்றால் கடலை விட்டுத் தள்ளிப் போகத்தான் வேண்டும். தமிழ் முதுகலை முடித்திருந்தேன். வெளி வாசகர் என்று ஒரு மாத அனுமதிச் சீட்டு கிடைத்தது. உட்கார்ந்து படிக்கலாம், ஜெராக்ஸ் எடுக்கலாம், புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. வாரம் இரண்டு நாள் போனேன்.

எதற்காக என்று சொல்லவேண்டும். இரண்டு காரணம். ஒன்று ஆணம், இன்னொன்று என் பெத்தும்மா.

ஐந்தாம் வகுப்பில் 'எங்கள் வீடு' என்று ஒரு கட்டுரை எழுதச் சொன்னார்கள். வெள்ளிக்கிழமை மீன் ஆணம் வைப்போம் என்று எழுதியிருந்தேன். ஆணத்தைச் சிவப்பு மையால் அடித்து, மேலே 'குழம்பு' என்று எழுதித் தந்தார் ஆசிரியை. தமிழில் அப்படி ஒரு சொல் இல்லை என்றார். கோபமாகச் சொல்லவில்லை, நல்லவர்தான். அவருக்கு அது துலுக்கர் வீட்டுச் சொல், அரபியிலிருந்து வந்திருக்கும். நானும் அப்படித்தான் நம்பினேன். அன்றிலிருந்து எனக்கு இரண்டு தமிழ். நோட்டில் குழம்பு, வீட்டில் ஆணம்.

பெத்தும்மா என் உம்மாவின் உம்மா. அவர் பள்ளிக்கூடம் போனதில்லை. தமிழ் எழுத்தைக் கூட்டிக் கூட்டித்தான் படிப்பார். அதனால் அவரை எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றே மக்கள்தொகைக் கணக்கெடுக்க வந்தவர்கள் எழுதிக்கொண்டு போனார்கள். ஆனால் அவரிடம் ஒரு தகரப் பெட்டி நிறைய நோட்டு இருந்தது. மருந்துக் குறிப்பு, கடன் கணக்கு, பிள்ளைகள் பிறந்த நாள், மவுலூது என்னும் புகழ்ப்பாட்டு, சிலோனில் இருந்த தாத்தாவுக்கு எழுதி அனுப்பாமல் விட்ட கடிதங்கள். எல்லாம் தமிழ். எழுத்து மட்டும் அரபி. அரபுத் தமிழ் என்றும் அர்வி என்றும் சொல்கிறார்களே, அது. எங்கள் தெருவில் அந்த வயதுப் பெண்கள் பலருக்கு அந்த எழுத்துத்தான் சரளம்.

ஆணம் எங்கிருந்து வந்தது, பெத்தும்மாவின் எழுத்துக்கு என்ன கணக்கு, இந்த இரண்டையும் யாராவது எழுதியிருப்பார்கள் என்ற நம்பிக்கையில் போனேன்.

பட்டியலைத் தட்டிக் களைத்தபோது நூலக உதவியாளர் ஒருவர் வந்தார். "என்ன வேணும், தங்கச்சி?" என்று கேட்டார். மொழியியல் என்றேன். "அது ஒரு இடத்துல இருக்காதேம்மா. வாங்க, நடந்து காட்டுறேன்" என்றார். இந்த ஒரு வாக்கியத்துக்கு நான் அவருக்கு இன்றுவரை கடன்பட்டிருக்கிறேன்.

அந்த நூலகம் டியூயி முறையில் அடுக்கியது. 1876ல் அமெரிக்காவில் மெல்வில் டியூயி வகுத்த முறை. அறிவு முழுவதையும் பத்தாகப் பிரித்து, 400 என்பதை மொழிக்குக் கொடுத்தார். 410 மொழியியல். 411 எழுத்து முறைகள், 414 ஒலி, 415 இலக்கணம், 417 கிளைமொழியும் மொழி வரலாறும். அப்புறம் 420 ஆங்கிலம், 430 ஜெர்மன், 440 பிரெஞ்சு என்று ஐரோப்பிய மொழிகளுக்குப் பத்துப் பத்து எண். கடைசியில் 490, உலகத்தில் மீதி இருக்கும் எல்லா மொழிகளுக்கும் சேர்த்து. அந்த மீதிக்குள் 494.8 திராவிட மொழிகள், அதற்குள் 494.811 தமிழ். புள்ளிக்குப் பின்னால் மூன்று எண் தள்ளித்தான் நம் மொழி நிற்கிறது. 410க்கும் 494.811க்கும் நடுவில் எட்டு அலமாரி இருந்தன. தமிழ் இலக்கியம் 894.811, அது மாடியில்.

சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் இதற்கு மாற்றாக 1933ல் கோலன் பகுப்பு முறையைக் கொண்டுவந்தார். அதில் இலக்கியத்துக்கு ஓ, மொழியியலுக்கு அடுத்த எழுத்தான பி. இரண்டிலும் தமிழின் எண் 31. டியூயியில் ஆங்கிலத்துக்குக் கிடைத்த அகலம் அதில் எந்த ஒரு மொழிக்கும் தனியாகக் கிடையாது. சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தில் இருந்துகொண்டு அவர் இதை யோசித்தார் என்பது எனக்குப் பெரிய விஷயம். 1931ல் அவர் சொன்ன ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. அந்த உதவியாளருக்கு விதி தெரியுமா என்று நான் கேட்கவில்லை. அவர் அதைச் செய்துகொண்டிருந்தார்.

410 அலமாரியில் பெரும்பாலும் ஆங்கிலப் புத்தகங்கள். சசூர், புளூம்ஃபீல்டு, சாம்ஸ்கி போன்ற மொழியியலாளர்கள் எழுதியவை. முதுகுத் துணி பிய்ந்து, நூல் தெரியும் பழைய பிரதிகள். 494.811ல்தான் தமிழ். அங்கே எனக்கு ஒரு விஷயம் புரிந்தது. நான் தட்டிய சொல்லே பாதிப் புத்தகங்களுக்குப் பொருந்தாது. மொழியியல் என்ற பெயர் நிலைப்பதற்கு முன் தமிழில் அந்தத் துறைக்கு மொழி நூல் என்றுதான் பெயர். மு. வரதராசனாரின் புத்தகத்தின் பெயரே 'மொழி நூல்'. தேவநேயப் பாவாணர் 1940ல் கொண்டுவந்தது 'ஒப்பியன் மொழிநூல்'. கம்ப்யூட்டரில் மொழியியல் என்று தேடினால் இவை இரண்டும் வரவே வராது. முத்துச்சண்முகனின் 'இக்கால மொழியியல்' வரும். நீங்களும் இந்தப் பக்கம் தேடப் போவதாக இருந்தால், சொல்லைத் தட்டுவதற்கு முன் அந்தச் சொல்லின் பழைய பெயர்களை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மொழி நூல், சொல்லாராய்ச்சி, ஒப்பிலக்கணம், வட்டார வழக்கு, கிளைமொழி, பேச்சுத் தமிழ். அப்புறம் ஒரு புத்தகம் கிடைத்ததும் அதன் எண்ணைக் குறித்துக்கொண்டு, அலமாரிக்குப் போய், அதற்கு இந்தப் பக்கம் பத்து, அந்தப் பக்கம் பத்து என்று கையால் தொட்டுப் பாருங்கள். எனக்கு வேண்டியவற்றில் பாதி அப்படிக் கிடைத்தவை.

முதல் நாள் ஆணத்தைத்தான் தேடினேன். அதற்கு அலமாரிகூட வேண்டியிருக்கவில்லை. வாசிப்பறையின் மூலையில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் இருந்தது. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதியாக வந்தது, பிறகு ஓர் அனுபந்தம். ஆறு தொகுதியில் மட்டும் 1,04,405 சொற்கள். முதல் தொகுதியை எடுத்துப் பிரித்தேன். ஆடி, ஆடு, ஆண், ஆணம். இருந்தது. குழம்பு என்ற பொருளோடு இருந்தது. பக்கத்திலேயே பரோவும் எமெனோவும் தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதி, 1984ல் வந்த இரண்டாம் பதிப்பு. அதிலும் பார்த்தேன். தமிழுக்குப் பக்கத்தில் மலையாளத்திலும் ஆணம். அரபியும் இல்லை, பாரசீகமும் இல்லை. மற்ற வீடுகளில் வழக்கு ஒழிந்துபோன ஒரு திராவிடச் சொல்லை எங்கள் வீட்டு அடுப்படி விடாமல் வைத்திருந்திருக்கிறது.

அந்த மேசையில் நான் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பதினைந்து வருஷத்துக்கு முந்தைய சிவப்பு மை கண்முன் நின்றது. அந்த ஆசிரியைமேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஒரு பள்ளிக்கூடத்தில் இந்த முதல் தொகுதி மட்டும் இருந்திருந்தால் போதும், அவரே பிரித்துப் பார்த்திருப்பார். அதுதான் வருத்தமாக இருந்தது.

இரண்டாவது கேள்வி அவ்வளவு சுலபமாக முடியவில்லை.

ஒலியன் என்ற சொல்லை முதுகலையில் மனப்பாடம் செய்திருந்தேன். பொருள் வேறுபாட்டைத் தரும் மிகச் சிறிய ஒலி அலகு. தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கினேன். புரிந்ததா என்றால், இல்லை. 414 அலமாரிக்கு எதிரில் தரையில் உட்கார்ந்து, ஒலியனியல் பற்றிய ஒரு பழைய தமிழ்ப் பாடநூலைப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் புரிந்தது. அதில் தமிழ்ப் பகரத்தை எடுத்துக்காட்டாகத் தந்திருந்தார்கள். பழம் என்பதில் வரும் ப வேறு ஒலி. கம்பு என்பதில் ம்முக்குப் பின்னால் வரும் ப வேறு ஒலி. முன்னதில் தொண்டை அதிராது, பின்னதில் அதிரும். விரலைத் தொண்டையில் வைத்துச் சொல்லிப் பாருங்கள், தெரியும். ஆனால் தமிழ்ச் சொற்களில் இந்த இரண்டும் ஒன்றின் இடத்தில் இன்னொன்று வந்து பொருளை மாற்றுவதில்லை. எந்த இடத்தில் எது வரும் என்பதை அந்த இடமே முடிவு செய்துவிடுகிறது. அதனால் இரண்டும் ஒரே ஒலியனின் மாற்றொலிகள். தமிழ் எழுத்து ஒலியனுக்கு ஓர் எழுத்துத் தந்து, மாற்றொலிகளை வாய்க்கு விட்டுவிட்டது. எழுத்துப் போதாமல் இல்லை, கணக்காக இருக்கிறது.

இதைப் படித்ததும் எனக்குப் பெத்தும்மாவின் நோட்டு நினைவு வந்தது. பிற்பகல் தொழுகையான அஸர் நேரத்தில் அவர் சொல்லும் ஒரு வாக்கியமும் நினைவு வந்தது. "பள்ளியில பாங்கு சொல்லியாச்சு, எந்திரிங்க." பள்ளி என்றால் பள்ளிவாசல், பாங்கு என்றால் தொழுகைக்கான அழைப்பு. தமிழில் எழுதினால் இரண்டு சொல்லும் ஒரே பவில் தொடங்கும். சொல்லும்போது பள்ளியின் ப அதிராது, பாங்கின் ப அதிரும். பாங்கு பாரசீகத்திலிருந்து வந்த சொல், அதனால் தமிழின் இடக்கணக்குக்கு அது கட்டுப்படவில்லை. பெத்தும்மா இந்த இரண்டையும் எப்படி எழுதுவார்?

அன்றிரவு வீட்டுக்கு வந்து, பாயில் உட்கார்ந்திருந்தவரிடம் நோட்டைக் கொடுத்து எழுதச் சொன்னேன். "பசியாறாம வந்து என்ன எழுத்துப் புள்ள?" என்று சொல்லிக்கொண்டே எழுதினார். இரண்டு வேறு எழுத்து. பாங்குக்கு அரபியில் இருக்கும் எழுத்து அப்படியே. பள்ளிக்கு வேறோர் அரபி எழுத்து, அதில் புள்ளி கூட்டியது. ஏன் என்று கேட்டேன். "அது வேற சத்தம், இது வேற சத்தம். அரபியில பள்ளிக்குள்ள சத்தம் கெடையாது. அதுக்குத்தான் புள்ளி வச்சிருக்காங்க பெரியவங்க" என்றார்.

உண்மைதான். அரபி மொழியில் பழத்தின் ப கிடையாது. ட, ண, ள, ழ போன்ற நாவை வளைத்துச் சொல்லும் ஒலிகளும் கிடையாது. உயிரில் அ, இ, உ என்ற மூன்றும் அவற்றின் நெடிலும்தான். எ, ஒ இல்லை. தமிழை அந்த எழுத்தில் எழுதவேண்டும் என்று முடிவு செய்தவர்கள் முதலில் தமிழின் ஒலிகளை ஒவ்வொன்றாகக் காதால் பிரித்திருக்கவேண்டும். எது அரபியில் இருக்கிறது, எது இல்லை, எதற்குப் புதிதாகப் புள்ளி வைக்கவேண்டும் என்று கணக்குப் போட்டிருக்கவேண்டும். அப்படிக் கணக்குப் போடுவதற்குப் பெயர்தான் ஒலியனியல். மரக்கலம் ஏறி வணிகம் செய்தவர்களும் மதரசாவில் ஓதிக்கொடுத்தவர்களும் அதை எங்கள் கரையிலும் காயல்பட்டினத்திலும் இலங்கையிலும் செய்திருக்கிறார்கள். பெத்தும்மா பேசும்போது பழத்தைப் பளம் என்பார். எங்கள் பக்கம் எல்லோரும் அப்படித்தான். எழுதும்போது மட்டும் ழவுக்கு உள்ள புள்ளியைச் சரியாக வைப்பார். நாக்கு விட்டதை நோட்டு பிடித்து வைத்திருந்தது.

அடுத்த வாரம் மாடிக்குப் போனேன், 894.811க்கு. தொல்காப்பியத்தை அந்த நூலகத்தில் இலக்கியத்தில்தான் வைத்திருந்தார்கள். எழுத்ததிகாரத்தின் பிறப்பியலை நூற்பா நூற்பாவாக மறுபடி படித்தேன். கல்லூரியில் அது கடந்துபோகவேண்டிய பகுதி. இப்போது அது வேறு மாதிரி இருந்தது. காற்று உந்தியிலிருந்து எழுந்து, தலையிலும் மிடற்றிலும் நெஞ்சிலும் நின்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் எல்லாம் சேர்ந்து எழுத்து பிறக்கிறது என்று வரிசையாகச் சொல்கிறது. ஒருவர் தன் வாய்க்குள் என்ன நடக்கிறது என்று உட்கார்ந்து கவனித்தால்தான் இப்படி எழுதமுடியும்.

அதே அதிகாரத்தில் புள்ளி வந்தது. மெய்யெழுத்துக்குப் புள்ளி. எகரத்துக்கும் ஒகரத்துக்கும் அதே போலப் புள்ளி. குறில் எவுக்கும் நெடில் ஏவுக்கும் அந்தக் காலத்தில் வடிவம் ஒன்றுதான், புள்ளி இருந்தால் குறில். நாம் இன்று எழுதும் ஏ, ஓ வடிவங்கள் வீரமாமுனிவர் காலத்து மாற்றம், அதாவது பதினெட்டாம் நூற்றாண்டு. ஆக, இருக்கிற எழுத்தில் ஒரு புள்ளியைக் கூட்டி இன்னோர் ஒலியைக் காட்டுவது தமிழுக்குப் பழைய பழக்கம். அர்வியில் புள்ளி வைத்தவர்கள் தொல்காப்பியம் படித்தார்களா என்பது எனக்கு முக்கியமில்லை. ஒரே மொழியின் ஒலிகளை எழுத்தில் பிடிக்கப் போனவர்கள் இரண்டு இடத்திலும் ஒரே வழியில் போயிருக்கிறார்கள். பெத்தும்மாவின் நோட்டையும் தொல்காப்பியத்தையும் மனதில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு படி இறங்கியது நினைவிருக்கிறது.

சொல்லதிகாரத்தின் எச்சவியலில் திசைச்சொல் வருகிறது. செந்தமிழ் நிலத்தைச் சேர்ந்த பன்னிரண்டு நிலத்திலும் அவரவர் குறிப்பில் வழங்கும் சொல். உரைகாரர்கள் எடுத்துக்காட்டும் தருகிறார்கள். தென்பாண்டி நாட்டார் ஆவையும் எருமையையும் பெற்றம் என்பார்கள், குட்டநாட்டார் தாயைத் தள்ளை என்பார்கள் என்று. எங்கள் கரை தென்பாண்டி நாட்டை ஒட்டியதுதான். திசைச்சொல்லைப் பிழை என்று அவர்கள் சொல்லவில்லை. இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என்று நான்கில் ஒன்றாக உட்கார வைத்திருக்கிறார்கள்.

இப்படி அலைந்ததில் மொழி பற்றிய புத்தகம் மொழி அலமாரியில் மட்டும் இருக்காது என்பது பழகிப்போனது. சமூகத்தில் மொழி என்றால் 306.44. பேச்சுக் குறைபாடு 616.855, அது மருத்துவத்தோடு. கம்ப்யூட்டருக்கு மொழி புரியவைப்பது 006.35, அது கட்டடத்தின் வேறு மூலையில். ஆனால் எனக்குப் பெரிய புதையல் கிடைத்தது 639.2ல். மீன்பிடித் தொழில்.

மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1947ல் தொடங்கியது. 1949லிருந்து 1971ல் கொச்சிக்கு மாறும்வரை அதன் தலைமையிடம் எங்கள் மண்டபம் முகாமில்தான் இருந்தது. அந்த வருஷங்களில் அறிவியலாளர்கள் கரையில் நின்று, ஒவ்வொரு மீனுக்கும் லத்தீன் பெயரோடு ஊர்ப் பெயரையும் கேட்டு எழுதியிருக்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியது மீன், ஆனால் கூடவே சொற்களும் வலையில் ஏறிவிட்டன. காரல், சூடை, நகரை, விளமீன், ஊளி. பழுப்பேறிய அறிக்கைகளில் ஆங்கில எழுத்தில் எங்கள் கரையின் சொற்கள் அணிவகுத்து நின்றன. கிளைமொழி ஆய்வு என்ற பெயரில் அவை எந்தப் பட்டியலிலும் வராது.

சீலாவை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் கரையில் சீலா என்றால், சென்னையில் வஞ்சிரம் என்று விற்கும் மீன். சென்னைச் சந்தையில் போய்ச் சீலா என்று கேட்டால் நீள மூக்கும் கூரிய பல்லும் உள்ள வேறொரு மீனை எடுத்துக் காட்டுவார்கள். அது எங்களுக்கு ஊளி. ஒரே கடற்கரை, ஒரே மொழி, ஒரே சொல், இரண்டு மீன். இந்தச் சொல் எந்த ஊரில் திரும்பி வேறு மீனாகிறது என்று கரையோரமாக நடந்து கேட்டுக் கோடு போட்டால், அதுதான் மொழியியலில் சொல்லும் கிளைமொழி எல்லைக்கோடு. காற்றுக்கும் அப்படித்தான். வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்ற பெயர்களுக்குத் திசை சொல்லும்போது ஊருக்கு ஊர் கொஞ்சம் நகரும். பாம்பனில் பாக் நீரிணைப் பக்கத்தை வடகடல் என்றும் மன்னார் வளைகுடாவைத் தென்கடல் என்றும் சொல்வார்கள். காற்றுக்குத் தக்கபடி எந்தக் கடலில் இறங்குவது என்று முடிவு செய்பவர்களுக்கு இந்தச் சொற்கள்தான் பஞ்சாங்கம். கிரியர்சனின் பெரிய இந்திய மொழிக் கணக்கெடுப்பு அன்றைய சென்னை மாகாணத்துக்குள் வரவில்லை. வந்திருந்தால் நூறு வருஷத்துக்கு முந்தைய எங்கள் கரையின் பேச்சு ஏதோ ஒரு பக்கத்தில் இருந்திருக்கும். அதை நினைக்கும்போதெல்லாம் மனம் ஆறுவதில்லை.

எல்லிஸைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்கமுடியாது. அவரும் மொழி அலமாரியில் இல்லை, வரலாற்றில் இருந்தார். தாமஸ் டிரவுட்மனின் புத்தகம், தமிழில் 'திராவிடச் சான்று'. தமிழும் தெலுங்கும் கன்னடமும் சமஸ்கிருதத்திலிருந்து வந்தவை அல்ல, அவை தனிக் குடும்பம் என்று முதலில் சான்று காட்டி எழுதியவர் பிரான்சிஸ் வைட் எல்லிஸ். சென்னைக் கலெக்டர். 1816ல், கேம்பல் எழுதிய தெலுங்கு இலக்கணத்தின் முன்னுரைக்கு ஒரு குறிப்பாக அதை வெளியிட்டார். கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் வந்தது 1856ல், நாற்பது வருஷம் கழித்து. இவ்வளவும் எனக்குத் தெரியும், பாடத்தில் வந்ததுதான். தெரியாதது அடுத்த பக்கத்தில் இருந்தது. எல்லிஸ் 1819ல் இறந்துபோனார். இறந்த ஊர் இராமநாதபுரம்.

நான் வாரம் இரண்டு தடவை பஸ் மாறும் ஊர். அந்த ஊரில் நின்று டீ குடித்திருக்கிறேன், மழைக்கு ஒதுங்கியிருக்கிறேன். இந்தப் பெயரை அங்கே யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. நாற்பது வயதுவரை படிப்பதும் திரட்டுவதும்தான், அதற்குப் பிறகு எழுதி வெளியிடுவது என்று அவர் வைத்திருந்தாராம். சாகும்போது வயது நாற்பத்தொன்று. அவர் விட்டுப்போன தாள்களை மதுரையில் ஒரு கலெக்டர் வீட்டுச் சமையல்காரர் மாதக்கணக்கில் அடுப்புப் பற்றவைக்கவும் கோழி வாட்டவும் எடுத்துக்கொண்டார் என்று ஒரு செய்தி பின்னாளில் பதிவாகியிருக்கிறது. அதில் என்னென்ன எரிந்ததோ. சசூரும் தன் மொழியியல் கொள்கையைப் புத்தகமாக எழுதாமல்தான் 1913ல் இறந்தார். அவர் வகுப்பில் சொன்னவற்றை மாணவர்களின் குறிப்புகளிலிருந்து கூட்டி 1916ல் புத்தகமாக்கினார்கள், அதிலிருந்து இன்றைய மொழியியல் கிளம்பியது. எல்லிஸுக்கு அப்படி யாரும் வாய்க்கவில்லை. அன்று மாலை இராமநாதபுரத்தில் பஸ்ஸுக்கு நிற்கும்போது தகரப் பெட்டியைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் பழைய பேப்பர் எடுக்க மாதம் ஒருவர் வருவார். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகப் பெட்டியை அடுப்படிப் பரணிலிருந்து இறக்கி என் அலமாரிக்குள் வைத்துப் பூட்டினேன்.

அனுமதிச் சீட்டின் கடைசி வாரம். அர்வி பற்றித் தனிப் புத்தகம் 411லும் இல்லை, 494.811லும் இல்லை. உதவியாளரிடம் சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்தார். "அரபி எழுத்துன்னா மதத்துல வச்சிருப்பாங்க. 297 பார்த்தீங்களா?" என்றார். 297 இஸ்லாம். போனேன். நான்காவது தட்டில், தொழுகை முறை பற்றிய புத்தகங்களுக்கு நடுவில், ஒல்லியாக ஒன்று இருந்தது. இஸ்லாமியத் தமிழ் இலக்கியம் பற்றியது. 1816ல் பிறந்து எங்கள் ஊரில் வாழ்ந்து, அர்வியில் நூல்கள் எழுதிய மார்க்க அறிஞர் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் பற்றி ஒரு கட்டுரை. எல்லிஸின் குறிப்பு வெளிவந்த அதே வருஷம். பின்னிணைப்பில் ஒரு பக்கம் அளவுக்கு அர்வி எழுத்து அட்டவணை, பக்கத்திலேயே தமிழ் எழுத்து. பின் அட்டையில் ஒட்டியிருந்த தேதித் தாளில் ஒரு முத்திரைகூட இல்லை. வாங்கி வைத்த நாளிலிருந்து அதை யாரும் வீட்டுக்கு எடுத்துப்போகவில்லை.

அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போய்ப் பெத்தும்மாவிடம் கொடுத்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து, வலமிருந்து இடமாக விரலை ஓட்டினார். அவருடைய எழுத்து ஒரு புத்தகத்தில் அச்சாகியிருப்பதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாவது வரியில் விரல் நின்றது.

"இது தப்பு."

ணவுக்கு உரிய எழுத்து. அதில் ஒரு புள்ளி அச்சில் விழவில்லை. புள்ளி இல்லாததால் அது ன ஆகி நின்றது.

"பென்சில் எடு புள்ள. இதை இப்படியே விட்டா ஆணம் ஆனம் ஆயிரும்."

அவர் வைத்த புள்ளி கொஞ்சம் பெரியதாக, அழுத்தமாக இருந்தது.

அடுத்த நாள்தான் சீட்டுக்குக் கடைசி நாள். நூலகப் புத்தகத்தில் எழுத எனக்கு மனம் வரவில்லை. ஒரு சிறிய தாளில், மூன்றாம் வரியில் ணவுக்கு ஒரு புள்ளி விட்டுப்போயிருக்கிறது, சரியான வடிவம் இது என்று வரைந்து, கீழே கீழக்கரை என்று மட்டும் எழுதி, அந்தப் பக்கத்துக்குள் வைத்துவிட்டு வந்தேன். உதவியாளரிடம் சொன்னேன். இருக்கட்டும் என்றார்.

பெத்தும்மா 2013ல் மவுத்தானார். தகரப் பெட்டி என்னிடம் இருக்கிறது. நோட்டுகளைப் படம் எடுத்துத் தமிழ் எழுத்துக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன். கடன் கணக்கு முடிந்தது, மருந்துக் குறிப்பில் பாதி ஆகியிருக்கிறது. கடிதங்களை இன்னும் தொடவில்லை.

போன வருஷம் வேறு வேலையாக அந்தப் பக்கம் போனவள் நூலகத்துக்குள் போய்ப் பார்த்தேன். பட்டியலில் இப்போது தமிழ் எழுத்திலேயே தட்டலாம். அந்த உதவியாளர் ஓய்வு பெற்றுவிட்டார். புத்தகம் அதே 297ல், அதே நான்காவது தட்டில் இருந்தது. என் தாள் மடிப்பில் மஞ்சளாகி, அந்தப் பக்கத்திலேயே இருந்தது. அட்டவணையில் யாரோ பென்சிலால் புள்ளியை வைத்திருந்தார்கள். தேதித் தாளில் மூன்று முத்திரை.